ஆசிரியர் இறந்த செய்தி

ஆசிரியன் இறந்துவிட்டான் என்று ரொலான் பார்த் 1967இல் எழுதினார். செய்தி எங்கள் ஒப்பிலக்கியத் துறைக்கு வந்து சேர இருபது வருஷம் ஆனது. அதற்குள் பாரிஸில் ஒரு சலவைக்கடை வண்டி மோதி, 1980இல் பார்த்தே போய்ச் சேர்ந்திருந்தார். நாங்கள் துக்கம் விசாரிக்கவில்லை, கொண்டாடினோம். விடுதி மெஸ்ஸில் யாராவது "ஜெயகாந்தன் என்ன சொல்ல வர்றார்னா..." என்று ஆரம்பித்தால் போதும், "எந்த ஜெயகாந்தன்? பிரதியைப் பத்திப் பேசுங்க தோழர்" என்று பாய்வோம். ஜெயகாந்தன் அப்போது சென்னையில் சௌக்கியமாகத்தான் இருந்தார்.

அதுவரை துறையில் எல்லாம் அமைதியாகவே நடந்துகொண்டிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் வழியில் ஒப்பிட்டால் தாக்கத்துக்குச் சாட்சி வேண்டும். பாரதி 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயரே வைத்துக்கொண்டு ஆய்வாளர்கள் வயிற்றில் பாலை வார்த்தார். அமெரிக்கர்கள் வழியில் சாட்சி கேட்கமாட்டார்கள். வள்ளுவரை யாரோடும் நிற்க வைக்கலாம். க. கைலாசபதி பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து, சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு வைத்துப் பார்த்து 1968இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். அந்த உழைப்பை மனதார மெச்சிவிட்டு, நாங்கள் கம்பனும் மில்டனும் பக்கம் ஒதுங்கிக்கொண்டோம்.

தெரிதா எங்களுக்கு ஜெராக்ஸாகத்தான் கிடைத்தார். காயத்ரி ஸ்பிவக் 1976இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த 'ஆஃப் கிராமட்டாலஜி'. தடித்த புத்தகத்தைக் கண்ணாடிமேல் அழுத்திப் பிடிக்கக் கடைக்காரருக்குப் பொறுமையில்லை. வலப்பக்கங்களில் வரியின் முதல் எழுத்துகளும் இடப்பக்கங்களில் கடைசி எழுத்துகளும் தையல் ஓரத்துக் கறுப்பில் போய்விட்டன. வேறு புத்தகமாக இருந்தால் சண்டை போட்டிருப்போம். தெரிதா ஆயிற்றே, இல்லாததற்கும் அர்த்தம் இருக்கும் என்று பேசாமல் காசைக் கொடுத்துவிட்டு வந்தோம். ஸ்பிவக்கின் முன்னுரை மட்டுமே கிட்டத்தட்ட 80 பக்கம். பெரும்பாலோர் அதைத் தாண்டவில்லை. கருத்தரங்குகளில் அதிகம் பேசியவர்களும் அவர்கள்தான்.

2003இல் அதே ஸ்பிவக், ஒப்பிலக்கியம் என்ற துறையே இறந்துவிட்டதாகத் தலைப்பிட்டு ஒரு புத்தகம் போட்டார். துறைகள் அதையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டு பிழைத்துக் கிடக்கின்றன. ஆசிரியரோ அமோகமாகத் திரும்பிவிட்டார். நந்தனம் புத்தகக் காட்சியில் அவரோடு செல்ஃபி எடுக்க வரிசை. மெஸ்ஸில் எங்கள் எல்லோரையும்விட ஓங்கிக் கத்திய தோழர், 'அன்புடன்' என்று எழுதி வாங்க அந்த வரிசையில் நிற்கிறார்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் நெட் தேர்வுக்கு வகுப்பெடுக்கிறேன். நூல்கள் இந்தப் பக்கம், எழுதியவர்கள் அந்தப் பக்கம், பொருத்துக.

"'ஆசிரியனின் மரணம்' யாரும்மா?"

"பார்த், சார்."

"'ஆசிரியன் என்றால் என்ன'?"

"ஃபூக்கோ. 1969."

வருஷ வரிசையும் கேட்பார்கள் என்பதால் அதையும் உருப்போட வைக்கிறேன். தப்பான விடைக்கு நெட்டில் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். அதனால் தெரியாத இடத்தில் ஃபூக்கோ என்று போட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.