கூடாரம் சுமக்கும் மிதிவண்டியார்

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் 38-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், மழை ஓய்ந்து வெயில் இன்னும் கடுமை கொள்ளாத தை, மாசி மாதங்களில் காணக்கிடைக்கும் ஒரு மனித வகை, நெடுந்தொலைவுத் தனி மிதிவண்டியார் ஆவார். தலைக்கவசமும், உடலோடு ஒட்டிய அரைக்காற்சட்டையும், பின்சக்கரத்தின் இருபுறமும் தொங்கும் நீர்புகாப் பைகளும் இவ்வகையின் புற அடையாளங்கள். அவற்றின் மேல் சுருட்டிக் கட்டிய ஒற்றையாள் கூடாரமே இவரைப் பால்காரரிடமிருந்து ஐயமறப் பிரித்துக் காட்டுவது. எலியார்பத்திச் சுங்கச்சாவடியைக் காசு கொடுக்காமல் கடந்த பெருமிதம் தணியும் முன்பே அவர் காரியாபட்டிக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்.

இவருக்குக் குலமரபு உண்டு. மிதிவண்டியில் கட்டி எடுத்துச் செல்லத்தக்க எளிய கூடாரத்தைப் பரப்பியவரும், 1901-இல் இங்கிலாந்தில் மிதிவண்டி முகாமாளர் சங்கம் தோன்றக் காரணமாக இருந்தவருமான தாமஸ் ஹைராம் ஹோல்டிங், தொழிலால் தையற்காரர். பம்பாயிலிருந்து 1923-இல் புறப்பட்ட பார்சி இளைஞர்களுள் ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பூம்காரா ஆகிய மூவர் உலகைச் சுற்றி 1928-இல் ஊர் திரும்பினர். ஆனால் காரியாபட்டிப் பக்கத்துச் சிற்றூர்கள் இவரை இந்த வரிசையில் வைத்துப் பார்ப்பதில்லை. ஊர்ப்பொட்டலில் கம்பம் நட்டு, குழாய் ஒலிபெருக்கி கட்டி, குளிப்பதையும் உண்பதையும்கூட வண்டியிலேயே முடித்துக்கொண்டு, நாள்கணக்கில் தரையில் கால் ஊன்றாமல் வட்டமடித்த சைக்கிள் சாகசக்காரரைத்தான் அவை அறியும். அவர் எங்கும் போகவில்லை என்றாலும் காரணம் தெளிவாக இருந்தது: கடைசி நாள் விரிக்கும் துண்டில் காசு விழும். இவரோ கன்னியாகுமரிவரை போகிறார், காரணம்தான் இல்லை.

இக்குறையை ஊர் பொறுத்துக்கொள்வதில்லை. இருக்கன்குடி மாரியம்மனுக்கு நடந்தே போகிறவர்களைப் பார்த்துப் பழகிய தேநீர்க்கடை, உடலை வருத்திக்கொள்வதை மதிக்கும். வருத்தத்துக்கு ஒரு முகவரி மட்டும் கேட்கும். "நேர்த்திக்கடனா தம்பி?" என்பது முதல் வினா, இல்லையென்றால் "கம்பெனியில அனுப்புனாகளா?" என்பது அடுத்தது, அதற்கும் இல்லையென்றால், வீட்டில் ஏதோ சண்டை என்று முடிவு கட்டி, வடைக்குக் காசு வாங்க மறுத்துவிடுகிறார்கள். தன்னைத் தேடிப் புறப்பட்டதாகச் சொல்லிப் பார்த்த மிதிவண்டியார், பெரும்பாலும் அடுத்த ஊருக்குள் 'மரம் வளர்ப்போம்' என்னும் அட்டையை வண்டியின் முன்னால் கட்டிவிடுகிறார். விழிப்புணர்வு என்ற சொல், அனைவரையும் உடனே அமைதிப்படுத்தும் கடவுச்சீட்டு. அதன்பின் ஒருவரும் மரத்தைப் பற்றிக்கூடக் கேட்பதில்லை.

தனிமைக்காகவே அவர் கண்மாய்க்கரையைத் தேர்ந்தெடுக்கிறார். கண்மாய் என்பது மழைநீரைத் தேக்கும் பாசன ஏரி. அதன் கரை வரைபடத்தில் வெறுமையாகத் தோன்றினாலும், நடைமுறையில் ஊரின் வரவேற்பறை. கூடாரத்தின் இரண்டாவது கழியை நுழைப்பதற்குள் சிறுவர்கள் கூடிவிடுகிறார்கள். தீப்பெட்டித் தொழிலுக்குப் பேர்போன மாவட்டத்தில் அமர்ந்து, வெளிநாட்டு அடுப்பை அதற்கென வாங்கிய தீமூட்டியால் பற்றவைக்க அவர் படும் பாட்டைக் கண்டு, ஒருவன் தீப்பெட்டியை நீட்டுகிறான். இருட்டியதும் ஒரு பாட்டி வந்து, "பாம்பு கெடக்கிற எடம், எந்திரிச்சு வாய்யா" என்று ஆணையிட, கூடாரம் மடிக்கப்பட்டு, அவர் கோயில் மண்டபத்தில் மின்விசிறியின் கீழ் உறங்குகிறார். எடையைக் குறைக்கப் பல்துலக்கியின் கைப்பிடியையே அறுத்தெறிந்த அம்மனிதரின் பையில், விடியற்காலையில் ஒரு கிலோ சேவு திணிக்கப்படுகிறது.

சீமைக்கருவேல முள் அதன்பிறகுதான் தன் பங்கைச் செலுத்துகிறது. பஞ்சர் கடைக்காரருக்குத் தெரிந்தது வால்டியூப், அதாவது காற்று வெளியேறாமல் காக்கும் சிறு ரப்பர்க் குழல். இவருடைய சக்கரத்திலோ பென்சில் முனைபோன்ற பிரெஸ்டா வால்வு. கடையின் பம்பு அதில் பொருந்தாததால் பேச்சு வண்டியின் விலைக்குத் திரும்புகிறது. நண்பர்களிடம் ஒரு லட்சம் என்று சற்றுக் கூட்டியே சொல்லும் மிதிவண்டியார், இங்கே குரலைத் தாழ்த்தி இருபதாயிரம் என்கிறார். கடைக்காரர் சக்கரத்தை ஒருமுறை சுழற்றிப் பார்த்து, "அந்தக் காசுக்கு நல்ல பழைய டிவிஎஸ் எக்செல்லே கெடைக்குமே தம்பி" என்கிறார்.