தரைத்தளம் தொலைந்த ஊர்

சோங்கிங் நகரத்துக்குப் போகிறவர்கள் பாஸ்போர்ட்டுக்கு அடுத்தபடியாகச் சரிபார்க்க வேண்டியது முழங்காலை. யாங்சி ஆறும் சியாலிங் ஆறும் கூடுகிற முனையில், மலைமேல் அடுக்கடுக்காக ஏறி உட்கார்ந்திருக்கிற ஊர் அது. சீனா என்றதும் சைக்கிள் ஞாபகம் வருகிறவர்கள் இங்கே ஏமாந்து போவார்கள். மிதித்து மேலே சேருவதற்குள் ஓய்வு பெறும் வயது வந்துவிடும்.

அதனால் ஊர்க்காரர்கள் ஏறி இறங்குவதற்கு என்னென்னவோ செய்து வைத்திருக்கிறார்கள். யாங்சிக்கு மேலே கம்பியில் தொங்கியபடி ஆட்களைக் கடத்தும் பெட்டி 1987-லிருந்து ஓடுகிறது. 112 மீட்டர் நீளத்துக்கு ஒரே நகரும் படிக்கட்டு இருக்கிறது. அதற்கு டிக்கெட் உண்டு. மாடிப்படிக்குக் காசு கொடுப்பதா என்று என் மனைவி முதலில் முகம் சுளித்தாள். பக்கத்திலிருந்த இலவசப் படிகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, இரண்டு டிக்கெட்டையும் அவளே வாங்கினாள்.

கைப்பேசி வரைபடம் இந்த ஊரில் பாதி உண்மையைத்தான் சொல்லும். ‘நீங்கள் சேருமிடம் வந்துவிட்டது’ என்று அது அறிவித்த இடத்தில் ஒரு பாறைச் சுவர் நின்றது. சேருமிடம் அங்கேதான் இருந்தது, ஆனால் எங்கள் தலைக்கு நேர் மேலே. குய்சிங்லோ என்ற கட்டடத்தை ஒட்டி ஒரு சதுக்கம் இருக்கிறது. தெருவிலிருந்து சாதாரணமாக நடந்து உள்ளே போகலாம். மறுமுனைக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தால், நாம் நிற்பது 22-ஆவது மாடி. நான் எட்டிப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஊரில் எந்தக் கைப்பிடிச் சுவர்ப் பக்கமும் போகவில்லை.

ஹொங்யாதொங் இன்னும் மோசம். ஆற்றங்கரைப் பாறையில் பழைய பாணி மரக்கால் வீடுகளைப் போல 2006-இல் கட்டி முடித்த பதினோரு மாடிக் கடைத்தெரு. ராத்திரியில் பொன்விளக்கு போட்டால் கண்கொள்ளாது. உள்ளே கூட்டத்தில் நாங்கள் பிரிந்துவிட்டோம். போன் வந்தது.

“ஏங்க, எங்க இருக்கீங்க?”

“கீழேதான். வெளியே வந்து ரோட்டுல நிக்கறேன்.”

“நானும் வெளிய ரோட்டுலதான் நிக்கறேன். உங்களக் காணோமே.”

“பஸ் போகுதா பாரு.”

“போகுது.”

“ஆறு தெரியுதா?”

“தெரியுது. அதலபாதாளத்துல.”

எனக்கு ஆறு பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. விஷயம் இதுதான்: முதல் மாடி வாசல் ஆற்றங்கரைச் சாலையில் திறக்கிறது, பதினோராம் மாடி வாசல் மேலே இன்னொரு சாலையில் திறக்கிறது. இரண்டிலும் பேருந்து, இரண்டிலும் மக்கள். “அசையாதே, நான் வர்றேன்” என்று லிஃப்டுக்கு வரிசையில் நின்று மேலே போனேன். அதற்குள் அவள் என் மேல் இரக்கப்பட்டுக் கீழே வந்திருந்தாள். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் விட்டுக்கொடுத்தல் இவ்வளவு தொல்லை தந்தது அன்றைக்குத்தான்.

லிசிபா ரயில் நிலையம் 19 மாடிக் குடியிருப்பு ஒன்றின் நடுவே, 6 முதல் 8 வரையுள்ள மாடிகளில் இருக்கிறது. ரயில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போகிறது. ரப்பர் சக்கரம், அதனால் அதிகச் சத்தமில்லை. கீழே அதைப் பார்க்கவென்றே ஒரு மேடை. அங்கே நூற்றுக்கணக்கான பேர் வாயைப் பிளந்து நிற்கிறார்கள். வியப்பினால் அல்ல, ரயிலை விழுங்குகிற மாதிரி படம் எடுத்துக்கொள்ள. நானும் பிளந்தேன். மனைவி எடுத்த படத்தில் ரயில் இல்லை, என் கடைவாய்ப் பல் அடைப்பு தெளிவாக விழுந்திருந்தது.

இனி சாப்பாடு. இந்த ஊரின் உயிர் ஹாட்பாட். மாட்டுக்கொழுப்பு, மிளகாய், சிச்சுவான் மிளகு மூன்றும் சேர்ந்து செக்கச்செவேலென்று கொதிக்கும் சட்டியில் நாமே போட்டு வேகவைத்துத் தின்ன வேண்டும். நாங்கள் போன கடை போர்க்காலச் சுரங்கத்தில் இருந்தது. ஜப்பானியக் குண்டுவீச்சிலிருந்து தப்பிக்க மலையைக் குடைந்து அமைத்த பதுங்குகுழிகள் பலவற்றில் இப்போது ஹாட்பாட் கடைகள். கோடையிலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். சட்டி வரும்வரை.

மனைவி சைவம். பூசணி, தாமரைக்கிழங்கு, காளான் எல்லாம் தட்டுத்தட்டாக வந்தன. காய் எல்லாம் சைவம்தான், அது குளிக்கிற குளம் அசைவம். கடைசியில் நடுவே தடுப்பு வைத்த சட்டி கேட்டு, அவள் பக்கம் காளான் சாறு ஊற்ற வைத்தோம். பரிமாறிய பெண் எங்களை ஆஸ்பத்திரி வார்டில் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

என் பாதியில் மாட்டு இரைப்பைச் சவ்வு. அதைச் சாப்ஸ்டிக்கில் பிடித்து ஏழு தடவை மேலே தூக்கி, எட்டு தடவை கீழே அமுக்க வேண்டுமாம். ஊர்க்காரர்கள் தினமும் படியில் படுகிற பாட்டைச் சவ்வுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். மிளகாய் எனக்குப் புதிதில்லை. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி அவர்களிடமும் வந்தது, நம்மிடமும் வந்தது. ஆனால் சிச்சுவான் மிளகு வேறு ஜாதி. அது காரமில்லை, மரமரப்பு. உதட்டில் அது உண்டாக்கும் துடிப்பு நொடிக்கு சுமார் 50 அதிர்வு என்று 2013-இல் லண்டன் ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். நம் வீட்டு மின்சாரத்துக்கும் அதே 50 ஹெர்ட்ஸ்தான். நாக்கை பிளக்கில் செருகியதுபோல் உட்கார்ந்திருந்தேன். “எப்படி இருக்கு?” என்று மனைவி கேட்டாள். பதில் சொல்ல வாய் இருந்தது, இருக்கிற இடம் தெரியவில்லை.

மறுநாள் சிச்சிகோ. மிங், சிங் காலத்தில் பீங்கான் ஏற்றிய ஆற்றுத்துறை. இப்போது கல்பாவிய சந்தெல்லாம் முறுக்கிப் பொரித்த மாவுப் பலகாரம். ஒவ்வொரு கடை வாசலிலும் ருசி பார்க்கத் துண்டு நீட்டுகிறார்கள், தெரு முடிவதற்குள் மதியச் சாப்பாடு முடிந்தது. ஒரு பட்டுச் சால்வைக்குப் பேரம் நடந்தது. கடைக்காரம்மா கால்குலேட்டரில் 180 அடித்தார். மனைவி அதை வாங்கி 60 அடித்தாள். அந்தம்மா நெஞ்சில் கைவைத்தார். மனைவி நடக்கத் தொடங்கினாள். ஒரு சொல்கூடப் பேசாமல் 75-இல் முடிந்தது. பிறகு பணத்தை நீட்டினால், கடைக்காரம்மா அதைப் பழைய நாணயம் சேகரிப்பவர்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊரே கைப்பேசியில் கட்டம் போட்ட படத்தைக் காட்டிப் பணம் கட்டுகிறது.

திரும்பும்போது மனைவி சிச்சுவான் மிளகு ஒரு பொட்டலம் வாங்கினாள். எதற்கென்று கேட்டதற்கு, “இருக்கட்டும்” என்றாள். போன ஞாயிறு என் பெரிய மாமா வந்திருந்தார். வந்தால் 1974-இல் அவருக்குக் கிடைக்காத பதவி உயர்வைப் பற்றி இலை எடுக்கும்வரை பேசுவார். ரசம் ஊற்றினாள். இரண்டு வாய் உறிஞ்சியவர், மேலதிகாரியின் பெயரைச் சொல்லத் தொடங்கி நடுவிலேயே நிறுத்தினார். உதட்டைத் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டுமா, மாமா?” என்றாள் மனைவி.