பெருங்குடல் புண்ணோடு குடித்தனம் நடத்துவது எப்படி?

வயிறு தகராறு செய்ய ஆரம்பித்ததும் டாக்டரிடம் ஓடிவிடாதீர்கள். சேலம், நாமக்கல் பக்கத்தில் அதற்கென்று ஒரு வரிசை இருக்கிறது. அதைத் தாண்டிப் போனால் ஒரம்பரை கோபித்துக்கொள்ளும்.

முதலில் அது ‘கேஸ்’. மருந்துக்கடைத் தம்பி அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டுத் தருவார். கேட்கவில்லையா, அது ‘சூடு’. இளநீர், ஊறவைத்த வெந்தயம், தொப்புளில் விளக்கெண்ணெய். சூடும் தணியவில்லையென்றால் ‘அல்சர்’. இங்கே லாரி ஓட்டுகிறவர்கள், திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வடக்கே போய் மாசக்கணக்கில் கிடப்பவர்கள் எல்லோருக்கும் அல்சர் உண்டு. எண்டோஸ்கோப்பி செய்துகொண்டவர்கள்தான் குறைவு.

மலத்தில் ரத்தம் தெரிந்த அன்று உங்கள் நோய்க்குப் பதவி உயர்வு: ‘மூலம்’. பஸ் ஸ்டாண்டுக் கழிப்பிடச் சுவரில், சரியாகக் கண்ணுக்கு நேரே, ‘மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்’ என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கும். துத்தி இலையும் கருணைக்கிழங்கும் வீட்டுக்குள் வந்துசேரும். மூலம் ராத்திரி 2 மணிக்கு ஆளை எழுப்பி ஓடவிடாது, சளியும் ரத்தமும் கலந்து நாளைக்கு எட்டுத் தடவை போகவைக்காது, ஆளையும் இளைக்க வைக்காது என்பதையெல்லாம் யாரிடமும் பேசாதீர்கள். பேசினால் எத்தனை தடவை போனீர்கள், எப்படிப் போனது என்று விவரம் சொல்ல வேண்டிவரும். அதற்கு ரத்தம் போவதே கௌரவம்.

அப்புறம் தொக்கம். போன நோம்பிக்குத் தின்ற கறி குடலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அம்மாயி தீர்ப்பு சொல்லிவிட்டால் மேல்முறையீடு கிடையாது. வெறும் வயிற்றோடு போய்ப் பாயில் படுங்கள். எடுப்பவர் உங்கள் வயிற்றில் குழலை வைத்து, கன்னம் குழிய உறிஞ்சி, பக்கத்திலிருக்கும் கிண்ணத்தில் துப்புவார். கொள்ளுப் பருப்பு அளவுக்கு ஏதோ ஒன்று மிதக்கும். “பாத்தீங்ளா, கறி!” என்பார். நீங்கள் சைவம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் தேங்காய்ச் சில்லு வரும். தட்சணையை வெற்றிலைமேல் வைத்துவிட்டு, பக்கத்தில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள்.

இனி டாக்டரிடம் போகலாம். முதல் ஆள் அமீபாவுக்கு மாத்திரை எழுதுவார். நம் தண்ணீரை அறிந்தவர் அதைத்தான் முதலில் சந்தேகிப்பார், குறை சொல்ல முடியாது. வயிற்று நோயைக் கண்டுபிடிப்பதில் சீமை டாக்டர்களே தடுமாறியிருக்கிறார்கள். பக்கத்து ஈரோட்டில் 1887-இல் பிறந்த கணித மேதை ராமானுஜனுக்கு இங்கிலாந்தில் முதலில் வயிற்றுப்புண் என்றார்கள், பிறகு காசநோய் என்றார்கள். 1920-இல் அவர் இறந்தே போனார். அந்த மருத்துவக் குறிப்புகளைத் திரும்பப் புரட்டிய டி.ஏ.பி. யங் என்ற டாக்டர், கல்லீரலில் அமீபா தாக்கியிருக்க வேண்டும், அது அன்றைக்கே குணப்படுத்தக்கூடிய நோய்தான் என்று 1994-இல் எழுதினார். உங்கள் நோயைக் கண்டுபிடிக்க ரெண்டு வருஷம் இழுத்தால் அலுத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியில் கொலனோஸ்கோப்பி. முந்தின நாள் சாயங்காலம் ஒரு பொட்டலத்தை ரெண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கால் மணிக்கு ஒரு டம்ளர் வீதம் குடிக்கச் சொல்வார்கள். உப்பும் இனிப்பும் கலந்த ஒரு வழவழப்பு. மூன்றாவது டம்ளரில் குமட்டும், ஐந்தாவதில் வேலையைக் காட்டும். வீட்டில் ஒரே கழிப்பறை என்றால் அன்றைக்கு அது உங்கள் பேரில் பட்டா. கூடத்தில் சீரியல் ஓடுவது நல்லது, சத்தம் அமுங்கும்.

மறுநாள் குழாய் விட்டுக் குடலுக்குள் பார்த்து, பரிசோதனைக்காகத் துளி சதை கிள்ளுவார்கள். இதை மட்டும் வெளியே விடாதீர்கள். காலையில் சேலத்தில் பயாப்ஸி என்று சொன்னால் மதியம் ராசிபுரத்தில் அது கேன்சராகி, சாயங்காலம் நாமக்கல்லிலிருந்து ஆர்லிக்ஸ் பாட்டிலோடு ஆள் வந்துவிடும்.

ரிப்போர்ட்டில் ‘அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்’ என்றிருக்கும். “நாங்கதான் அன்னிக்கே அல்சர்னு சொன்னமே!” என்று மாமா மீசையைத் தடவுவார். விட்டுவிடுங்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பெருங்குடலின் உள்தோலைப் புண்ணாக்குகிற நோய் இது. மலக்குடலில் தொடங்கி மேலே ஏறும். தொற்றாது. ஏன் வருகிறது என்று முழுசாக யாருக்கும் தெரியாது. பங்காளி வைத்த இடுமருந்து இல்லை என்பது மட்டும் தெரியும். ஜப்பான் பிரதமராக இருந்த ஷின்சோ அபேவுக்கு இதே நோய்தான் இருந்தது. 2007-இலும் 2020-இலும் இதனால் பதவி விலகினார். ரெண்டுக்கும் நடுவில் ஏழு வருஷத்துக்கு மேல் நாட்டை ஆண்டார் என்பதைத்தான் மாமாவிடம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

மெசலமைன் மாத்திரை தினமும் வேண்டும். ரத்தம் நின்று, நன்றாக இருக்கும்போதும் வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். “நல்லாத்தான இருக்கறீங்க, இன்னும் எதுக்கு மாத்திரை? கிட்னி போயிருமுங்” என்று யாராவது சொல்வார். அவருக்குத் தலையாட்டிவிட்டு மாத்திரையை விழுங்குங்கள். நோய் முற்றிய நாட்களில் ஸ்டீராய்டு கொடுத்தால் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்லும் கணக்குப்படி இறக்க வேண்டும். அதில் முகம் பூரித்து உப்பும். ஊரே “இப்பத்தான் ஒடம்பு தேறியிருக்கறீங்க” என்று மகிழும். லாரிக்காரர்கள் முதுகு வலிக்கு அள்ளிப் போடும் வலி மாத்திரைகள் அடங்கிய புண்ணையும் கிளப்பிவிடலாம், டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். எட்டு வருஷமானால் குடலில் புற்று ஏதும் தலைகாட்டுகிறதா என்று பார்க்க, எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், மறுபடி குழாய்.

சாப்பாட்டுக்கு எல்லோருக்கும் பொருந்தும் பட்டியல் கிடையாது. நோய் கிளம்பிய நாட்களில் குழைந்த சோறு, மோர் ஒத்துக்கொண்டால் மோர், நம் ஊர் ஆலை ஜவ்வரிசியில் கஞ்சி. காய்ந்த மிளகாயை அள்ளிப் போட்டு வதக்கும் பள்ளிபாளையம் சிக்கனைத் தூரத்தில் நின்று கும்பிடுங்கள். தட்டுவடை செட் பிறகு, ஒன்று, காரச் சட்னி இல்லாமல். எது ஒத்துவரவில்லை என்பதை ஒரு நோட்டில் குறித்துவைத்தால் டாக்டருக்கும் உதவும். கல்யாண வீட்டில்தான் சிக்கல். “டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காருங்” என்றால், “ஒரு வாய்ல என்னங் கண்ணு ஆயிரும்?” என்று இலையில் குழம்பு விழும். “விரதமுங்” என்று சொல்லிப் பாருங்கள். வாளியை அப்படியே தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போவார்கள்.

பயணம். கழிப்பறை இருக்கிற பெட்ரோல் பங்குகளை மனப்பாடம் செய்யுங்கள், சில்லறை கையில் இருக்கட்டும். சேலத்திலிருந்து நாமக்கல் போகிற பஸ்ஸில் அடிவயிறு முறுக்கினால், “அண்ணா, அவசரமுங்” என்று கெஞ்சாதீர்கள். “ஆண்டகளூர் கேட் வந்துரும், பொறுங்க” என்பார் கண்டக்டர். கழிப்பறை பொறுக்கும், கண்டக்டர் பொறுப்பார், குடல் பொறுக்காது. “வாந்தி வருதுங்ணா” என்று வாயைப் பொத்திக்கொண்டு எழுந்திருங்கள். அடுத்த விசிலில் வண்டி ஓரங்கட்டும். சீட்டைக் கழுவ வேண்டியவர் அவரல்லவா?