‘உன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்’: டாக்டராகப் போகும் கார்வேட்டிநகரத்துப் பிள்ளைகளுக்கு

கணையம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவார்கள். ‘உன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்’ என்றால்தான் தொண்டை அடைத்துக்கொள்ளும். அப்பா பேரில் தொடங்குவதா, இன்டரில் வாங்கிய மார்க்கில் தொடங்குவதா என்று விழிப்பார்கள். படி படி என்று விரட்டிய வீட்டில் உன்னைப் பற்றி உன்னிடமே யாரும் கேட்டதில்லையே! ஆகவே இந்தக் கையேடு.

இப்போது ஏது இன்டர்வியூ, எல்லாம் நீட் மார்க்தானே என்பாய். வாஸ்தவம். 720-க்கு எவ்வளவு என்பதோடு இந்த நாட்டில் உன் சரித்திரம் எழுதி முடிந்துவிடுகிறது. பக்கத்திலிருக்கும் வேலூர் சி.எம்.சி.தான் கடைசிவரை முரண்டு பிடித்தது. எழுத்துத் தேர்வில் தேறியவர்களைக் கூப்பிட்டு, நாள்கணக்கில் தங்கவைத்து, பேசவிட்டு, கூட்டாக வேலை கொடுத்துப் பார்த்துத்தான் அங்கே ஆள் எடுப்பார்கள். நீட் கட்டாயமானதும் 2017-இல் எம்.பி.பி.எஸ். இடங்கள் நூறில் ஒரே ஒருவரைச் சேர்த்துக்கொண்டு மற்றதையெல்லாம் காலியாக விட்டார்கள். சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதோடு அந்த வழக்காடலும் ஓய்ந்தது. ஆனால் நியூ ஜெர்சியிலும் லீட்ஸிலும் நம் ஊர்ப் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் இந்தக் கேள்விக்கு முன்னால் உட்காருகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். உள்ளூரில் இருப்பவர்கள் படித்துவைத்தால் பெண் பார்க்கப் போகும் வீட்டில் உதவும்.

முதலில் நேரத்தைக் கணக்குப் போடு. நீட்டுக்கு முன்னால், நுழைவுத் தேர்வுக்கும் முன்னால், தமிழ்நாட்டில் மருத்துவ சீட்டுக்கு இன்டர்வியூ மார்க் என்று ஒன்று இருந்தது. மொத்தம் 275-இல் 75 அதற்கு. விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடத்துக்கு வெளியே செய்த சேவை, உடல் திடம், பொதுத் திறமை, நாட்டம் என ஐந்து சங்கதிகளை அந்த அறையிலேயே அளந்துவிடுவார்கள். இந்த ஐந்தையும் அளக்க ஆளுக்குச் சராசரியாக மூன்று நிமிடம்தான் ஆனது என்று 1970-இல் பெரியகருப்பன் வழக்கில் வெளியே வந்தது. 275-இல் 75 என்பது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தெரிகிறது என்றது உச்ச நீதிமன்றம். நீயே வகுத்துப் பார்: 2.4 நொடிக்கு ஒரு மார்க். உடல் திடத்தைக் காட்டுகிறேன் என்று நாற்காலியை நகர்த்திப் போட்டால் ஒன்று போச்சு. இருமினால் இன்னொன்று. இருமலே வந்தாலும் சேவை மனப்பான்மையோடு இருமு.

அந்த நிமிடங்களிலும் என்ன கேட்டார்கள் தெரியுமா? 1980-இல் அஜய் ஹாசியா வழக்கில் தீர்ப்பு வந்தது. அது ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி விவகாரம். ஆனால் நாற்காலி ஒன்றுதான். அங்கே 150-க்கு 50 மார்க் இன்டர்வியூவுக்கு. இரண்டு மூன்று நிமிடம் கேட்ட கேள்விகள் எல்லாம் அப்பா யார், வீடு எங்கே என்பவைதான் என்று பிள்ளைகள் முறையிட்டார்கள். பதினைந்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று நீதிமன்றம் கயிறு கட்டியது. என் பாடம் வேறு. ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்று யார் எவ்வளவு கனிவாகக் கேட்டாலும், ‘உன் அப்பா யார்’ என்பதைத்தான் மரியாதையாகக் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள். அப்பா டாக்டர் என்றால் முதல் வாக்கியத்தில் சொல். விவசாயி என்றால் மூன்றாவது வாக்கியத்தில், குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொல். நடுவில் மளிகைக் கடை, லாரி புரோக்கர் என்று இருந்தால் பாவம், உனக்கு ஏற்ற வாக்கியம் கிடையாது.

சொந்த ஊர் எது என்ற கேள்விக்கு மட்டும் நமக்கு ஈடு இணை இல்லை. கார்வேட்டிநகரம் ஜமீன் வட ஆற்காட்டில் இருந்தது. 1911-இல் சித்தூர் ஜில்லா பிறந்ததும் அதற்குள் போனது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணியைச் சென்னை மாநிலத்துக்கு விட்டுவிட்டு நாம் ஆந்திராவில் நின்றோம். 2022-இல் திருப்பதி மாவட்டம் பிரிந்தபோது புத்தூர் அங்கே போக, நாம் சித்தூரிலேயே தங்கினோம். இத்தனைக்கும் எங்கள் ஊர்க் குளமான ஸ்கந்த புஷ்கரணி ஓர் அடி நகரவில்லை. ஆகவே வேலூரில் கேட்டால் ‘பழைய வட ஆற்காடு’ என்று சொல். சென்னையில் கேட்டால் ‘திருத்தணி பக்கம்’. திருப்பதியில் கேட்டால் ‘சித்தூர் ஜில்லாண்டி’. மூன்றும் சத்தியம். வீட்டில் என்ன பாஷை என்று அடுத்ததாகக் கேட்பார்கள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடி.

இனி மூலஸ்தானக் கேள்வி: ஏன் டாக்டராக ஆசைப்படுகிறாய்?

‘நைனா சொன்னாரு’ என்பது உண்மையான பதில். அதைச் சொல்லாதே. வேலூரில் உட்கார்ந்து, சி.எம்.சி.யை நிறுவிய ஐடா ஸ்கடர் கதையையும் சொல்லாதே. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். பிரசவத்துக்கு ஆண் டாக்டர் கூடாது என்று அவள் அப்பாவை மறுத்தார்கள். மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். மிஷனரி வேலையே வேண்டாம் என்றிருந்த பெண் 1899-இல் கார்னெலில் டாக்டர் பட்டம் வாங்கி, வேலூரில் வந்து இறங்கினாள். அந்தக் கதையைக் கேட்கிறவர்களுக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். அதைத் தாண்டும் கதை உன்னிடம் இல்லை. அந்த ஐடாவுக்கும் அப்பா டாக்டர், தாத்தா டாக்டர் என்பதை மனதுக்குள் குறித்துக்கொண்டு மேலே போ.

உனக்கு வேண்டியது நோயாளிப் பாட்டி ஒருத்தி. ஆரோக்கியமான பாட்டி வாய்த்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். எங்கள் தெருவில் நடப்பதைச் சொல்கிறேன். பாட்டிக்குச் சுகர். பெரிய மகன் வயிற்றுப் பேரன் ஊரிலேயே வளர்ந்தவன். மாதாமாதம் ஒரு வியாழக்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்று மாத்திரை வாங்கி வருபவன் அவன்தான். கால் புண்ணுக்குக் கட்டு மாற்றுவான். ஒருமுறை ராத்திரியில் திருப்பதி ரூயா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், விடியும்வரை காரிடாரில் துண்டு விரித்துப் படுத்திருந்தான். நியூ ஜெர்சிப் பேத்தி கோடையில் இரண்டு வாரம் வந்தாள். ஒருநாள் அவனோடு அதே வரிசையில் நின்றாள், போட்டோ எடுத்துக்கொண்டாள், நிஜமாகவே அழுதாள். திரும்பிப் போய் அமெரிக்க விண்ணப்பத்தில் அனுமதிக்கும் 5,300 எழுத்துக்குள் பாட்டியின் காலை எழுதி அனுப்பினாள். அருமையாக எழுதியிருந்தாள், நான் படித்தேன், எனக்கே கண் கலங்கியது. பேரனைக் கூப்பிட்டு, ‘பாட்டியைப் பற்றிச் சொல்லேன்டா’ என்றேன். ‘என்ன சொல்றது, சுகரு’ என்றான். அவனுக்கு அது பதில் என்றே தெரியாது. வியாழக்கிழமை வேலை, அவ்வளவுதான். அவனுக்கான அறிவுரை: உன் வீட்டில் நடப்பதை ஆண்டுக்கு இரண்டு வாரம் மட்டும் பார். அப்போதுதான் சொல்ல வரும்.

உன் பலவீனம் என்ன என்றால், ‘வேலையை முடிக்காமல் தூங்க மாட்டேன்’ என்று சொல். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், அவர்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

பொழுதுபோக்கு என்றால் சங்கீதம் என்று சொல்லலாம். ஊருக்கு அந்த உரிமை உண்டு. வேணுகோபாலன் மேல் பதம் பதமாகப் பாடிவைத்த சாரங்கபாணி நம்மூர்க்காரர். குழுவில் சங்கீதம் தெரிந்த அம்மா ஒருவர் இருந்தால் நிமிர்ந்து உட்காருவார். ‘ஒரு பதத்துக்கு அர்த்தம் சொல்லேன்’ என்று கேட்டுவிடுவார் என்பதுதான் இடைஞ்சல். பதங்களில் நாயகி நாயகனிடம் என்ன கேட்கிறாள் என்பதைப் பதினெட்டு வயதில் ஐந்து பேராசிரியர்கள் முன்னால் விளக்குவது உசிதமல்ல. கிரிக்கெட் என்று சொல்லிவிடு.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு முறையைக் கொண்டுவந்தது, பிரிட்டன்வரை பரவிவிட்டது. ஒரே குழு கிடையாது. வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், அறைக்கு ஒரு சிக்கல், சில நிமிடத்தில் மணி அடிக்கும், அடுத்த அறைக்கு ஓட வேண்டும். ஒருவருக்குப் பிடிக்காமல் போனாலும் இன்னொருவருக்குப் பிடிக்கலாம் என்பது கணக்கு. நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஒரு சங்கடம்: முதல் அறையில் பாட்டியைச் சாகடித்துவிட்டு நான்காவது அறையில் பாட்டிக்கு மாத்திரை கொடுக்கக் கூடாது.

கஷ்டத்தைச் சொல்லச் சொன்னால் அளவாகச் சொல். ‘கிளிமூக்கு மாங்காய்க்கு விலை இல்லாத வருஷம் நைனா லோடோடு கூழ் ஃபேக்டரி வாசலில் காத்துக் கிடந்தார்’ என்பது நல்ல கஷ்டம். அதில் உழைப்பு இருக்கிறது, மாம்பழ வாசனையும் இருக்கிறது. ‘அந்தக் கடன் இன்னும் அடையவில்லை’ என்பது கெட்ட கஷ்டம். கேட்கிறவர்கள் ஃபைலைப் புரட்ட ஆரம்பிப்பார்கள்.

எல்லாம் முடிந்ததும் ‘எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்பார்கள். ஆராய்ச்சி வசதி எப்படி, கிராமத்து முகாம்கள் உண்டா என்று கேள். ஃபீஸை எத்தனை தவணையில் கட்டலாம் என்று மட்டும் கேட்டுவிடாதே. அதை நைனா கீழே ஆபீஸ் ஜன்னலில் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருப்பார்.