நெய்தல் நிலத்தில் மரத்தரை: ஓர் ஆய்வு

நிலத்தை ஐந்திணையாகப் பகுத்த முன்னோர், பறவை முதல் பறை வரை ஒவ்வொன்றையும் திணைக்கு ஒதுக்கிவிட்டு, எந்தத் திணைக்கு எந்தத் தரை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டனர். அக்குறையை நிறைவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுப் பரப்பு, சென்னைக் கடற்கரையை ஒட்டிய அடுக்குமாடி வீட்டின் ஹாலும் படுக்கையறையும். இங்கே மரத்தரை போடுகிறவர், தண்ணீரோடு பரம்பரையாக இருந்துவரும் உறவை முறித்துக்கொள்ள முயல்கிறார் என்பது ஆய்வாளரின் கருதுகோள். நெய்தலின் தெய்வம் வருணன் என்பதை நினைவில் கொண்டு மேலே செல்வோம்.

முதற்பொருளில் இடம் சொல்லியாயிற்று. பொழுதைப் பொறுத்தவரை, நெய்தலுக்கு ஆறு பெரும்பொழுதும் உரியவை என்பது நாற்கவிராச நம்பி வகுத்த இலக்கணம். மரத்தரைக்கும் அது அப்படியே பொருந்துகிறது. மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துப் பருக்கும், ஈரம் போனால் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் தெரியவே தெரியாது, எல்லாம் அகலவாக்கில்தான். ஐப்பசி மழையில் பருத்த பலகை, சித்திரையில் ஏசி இரவெல்லாம் ஓடும்போது இளைத்து இடுக்கு விடும். அதனால்தான் நாலு சுவரோரமும் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விடுகிறார்கள். அதை ஸ்கர்ட்டிங் மறைத்துக்கொள்ளும். அந்த ஸ்கர்ட்டிங்கைச் சுவரில்தான் அடிக்க வேண்டும், பலகையில் அடிக்கக் கூடாது. பலகையைப் பெட்டியோடு கொண்டுவந்து அதே அறையில் 48 மணி நேரம் கிடத்தி, ஊர்க் காற்றுக்குப் பழக்கிய பிறகே போட வேண்டும் என்பதும் விதி. காசு கொடுத்து வாங்கிய சதுர அடியில் ஒரு விரற்கடைகூட வீணாகக் கூடாது என்று சுவரை ஒட்டிப் போடச் சொன்ன வீடுகளில், அடுத்த மழைக்கு ஹாலின் நடுவே ஒரு சிறு குன்று எழும். நெய்தல் குறிஞ்சியாகும் இத்திணை மயக்கத்தைக் குழந்தைகள் மட்டுமே வரவேற்கின்றனர்.

கருப்பொருளில் மூன்று வகை உண்டு. முழு மரம் ஒன்று. ஒட்டுப்பலகையின் மேல் நல்ல மரத்தின் மெல்லிய ஏடு ஒட்டிய இன்ஜினியர்டு வுட் இன்னொன்று. மூன்றாவதான லேமினேட்தான் ஆய்வாளரைத் திகைக்க வைப்பது. 1977-இல் சுவீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் கண்டுபிடித்த இப்பொருளில், மரம் நாராக அரைக்கப்பட்டு அட்டையாக அழுத்தப்பட்டிருக்கும். அதன்மேல் மரத்தின் புகைப்படம். புகைப்படத்துக்கு மேல் மெலமைன் பூச்சு. கடைக்காரர் “பர்மா தேக்கு சார்” என்று காட்டுவது படத்தில் இருக்கும் தேக்கை. முழு மரம் கீறல் விழுந்தால் இழைத்துப் பாலிஷ் போட்டுக்கொள்ளலாம். ஏடு ஒட்டியதை, ஏட்டின் கனம் இடம் கொடுத்தால் இழைக்கலாம். லேமினேட்டை இழைத்தால் தேக்கு அழிந்துவிடும்.

மரத்தின் கடினத்தை அளக்க 1906-இல் காப்ரியேல் யாங்கா ஒரு சோதனை வகுத்தார். 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டைப் பாதி புதையும்வரை அழுத்தி, எவ்வளவு விசை வேண்டியிருந்தது என்று பார்ப்பது. சென்னையில் இச்சோதனையை கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் செய்கிறார். 14.2 கிலோ எரிவாயுவும் அதைவிடக் கனமான இரும்புமாக, விளிம்பில் நிறுத்தி ஹால் வழியே உருட்டிச் சமையலறை சேர்ப்பார். முடிவைத் தரையிலேயே எழுதிவிட்டும் போவார்.

இனி உரிப்பொருள். நெய்தலுக்கு அது இரங்கல் என்பதை எல்லாரும் அறிவர். பலகைகள் கவ்விக்கொள்ளும் பொருத்து வழியே தண்ணீர் இறங்கினால் லேமினேட்டின் ஓரம் உப்பும். காய்ந்தாலும் பழையபடி அமுங்காது. ஆகவே பெருக்கிவிட்டு, ஒட்டப் பிழிந்த துணியால் பலகையின் வாக்கில் ஒருமுறை இழுத்தால் போதும் என்பது உலர்வாதிகளின் கொள்கை. ஈரவாதிகளோ பக்கெட், ஃபினாயில், வழிய வழிய நனைத்த மாப் ஆகியவற்றின் வழி நிற்பவர்கள். தரை பளபளப்பதைவிட அது ஈரமாக இருந்ததற்குச் சாட்சியாக ஃபினாயில் வாசம் வீசுவதே சுத்தம் என்பது அவர்கள் துணிபு. இரு தரப்புக்கும் நடந்த வாதத்தில் ஆய்வாளர் செவிமடுத்த பகுதி வருமாறு:

“தண்ணி ஊத்தித் துடைக்காதீங்கக்கா, பலகை ஊறிடும்.”

“தண்ணி இல்லாமத் துடைச்சா அதுக்குப் பேரு பெருக்கறதும்மா. அது அப்பவே பெருக்கியாச்சு.”

உலர்வாதத்தின் பக்கம் நின்று இதற்கு மறுப்புரை எழுத ஆய்வாளரால் இன்றுவரை இயலவில்லை.

சில்லறை விதிகளும் உள. கீழ்த்தளமானால், முந்தைய இரவே தரையில் பாலிதீன் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டிப் பரப்பிவைக்க வேண்டும். காலையில் அடியில் நீர் முத்துமுத்தாகக் கோத்திருந்தால் ஆசாரியைத் திருப்பி அனுப்பிவிடலாம். பழைய டைல்ஸ் மேலேயே பலகை போடுகிறவர்கள், ஃபோமும் சேர்ந்து தரை ஒரு சென்டிமீட்டர் உயரும் என்பதை மறந்துவிட்டுக் கதவு திறக்காதபோதுதான் நினைத்துக்கொள்கிறார்கள்.

எஞ்சிய சிக்கல் புதுமனை புகுவிழா. ஹால் நடுவே செங்கல் அடுக்கி, மணல் பரப்பி, ஹோமம் வளர்க்க வேண்டும், நெய் சிந்தும், பால் பொங்கி வழிய வேண்டும், வழியாவிட்டால் அபசகுனம். கலச நீரை எல்லா அறையிலும் தெளிப்பார்கள். மெலமைன் பூச்சின் எந்தத் தரச் சான்றிதழும் இவற்றைக் கணக்கில் கொண்டு வழங்கப்பட்டதன்று. எனவே சாஸ்திரிகள் வந்துபோன பிறகே ஆசாரி வர வேண்டும் என்பது ஆய்வாளரின் பரிந்துரை. பசு மட்டும் விதிவிலக்கு. மூன்றாம் மாடிக்கு அதை லிஃப்டில் ஏற்ற அசோசியேஷன் ஒப்புவதில்லையாதலால், கோபூஜை கார் பார்க்கிங்கிலேயே முடிந்துவிடுகிறது. அங்கே சிமென்ட் தரைதான்.