பூதத்தின் பரீட்சை

கேள்வி: மோகன்லாலின் 'பரோஸ்' என் குழந்தைகளுக்குப் பிடித்தது, விமர்சகர்களுக்குப் பிடிக்கவில்லை. யார் பேச்சைக் கேட்பது?
(ஒரு வாசகி, மட்டாஞ்சேரி)

பதில்: இரண்டு பேச்சையும் கேளுங்கள், அம்மையீர்! 2024 கிறிஸ்துமஸ் தினத்தன்று வெளிவந்த அப்படத்தில், வாஸ்கோ ட காமாவின் புதையலை நானூறு ஆண்டுகளாகக் காத்துவரும் பூதத்தையும், அதன் துணையாக அனிமேஷனில் ஜீவன்பெற்றுத் துள்ளும் வூடூ பொம்மையையும், முப்பரிமாணக் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவ நழுவக் கைநீட்டிப் பிடிக்க முயலும் குழந்தைக்குத் திரைக்கதையின் தளர்ச்சி எங்ஙனம் புலப்படும்? ஆயினும், காட்சிகளின் அழகைப் போற்றிய விமர்சகர்களே கதையில் உயிரில்லையென்று விசனப்பட்டதை நான் அலட்சியம் செய்யமாட்டேன். ஏனெனில், இதன் மூலக்கதையை எழுதிய ஜிஜோ புன்னூஸ்தான், 1984-ல், இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தா'னை இயக்கி, ஒரு சிறுபூதத்தின் குறும்புக்குள்ளே சிநேகத்தையும் வைத்துக் காட்டியவர். (அதற்கு இசை நம் இளையராஜா, இதற்கு நம் சென்னைப் பிள்ளை லிடியன் நாதஸ்வரம்.) குழந்தைகளுக்கு எது கொடுத்தாலும் போதும் என்னும் மனோபாவத்தை விமர்சகர்கள் கண்டிக்கத்தான் வேண்டும். தாங்களோ, விடுமுறையில் பிள்ளைகளைக் கோட்டைக்கொச்சி புனித பிரான்சிஸ் தேவாலயத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 1524-ல் கொச்சியில் காலமான காமாவை முதலில் அடக்கம் செய்த இடம் அதுதான்.