பூச நட்சத்திரம், கடக ராசி

எனக்குப் பிறந்த நாள் ஜூன் 1. அம்மாவைக் கேட்டால், "ஐப்பசி அடைமழையில பொறந்தே" என்பாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்த பையன்களுக்கெல்லாம் தலைமையாசிரியர் பொதுவாகப் போட்ட தேதி அது. அதை நம்பித்தான் நெய்வேலி சுரங்கத்தில் வேலை கொடுத்தார்கள், அதை நம்பியே ஓய்வும் கொடுத்து, குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி, குறிஞ்சிப்பாடிச் சொந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் லியோவுக்கு மட்டும்தான் நாள், நட்சத்திரம், ராசி எல்லாம் பக்காவாக இருக்கிறது. தைப்பூசம், பூச நட்சத்திரம், கடக ராசி.

லியோ நாய்.

வடலூரில் ஜோதி பார்த்துவிட்டு வந்த என் மனைவியின் புடவைத் தலைப்பை, பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை கவ்விக்கொண்டே வந்த குட்டி. கால்நடை மருத்துவர் பல்லைப் பார்த்து, "ஒன்றரை மாசம் இருக்கும்" என்றார். கணக்குப்படி மார்கழி. மார்கழியில் பிறப்பது ஆகாது என்று மாமியார் தைக்கு மாற்றிவிட்டார்.

பக்கத்து வீட்டில் லேப்ரடார் இருப்பதால், நான் லியோவை "ராஜபாளையம் கிராஸ்" என்று சொல்லி வந்தேன். ராஜபாளையம் நாய் லேசுப்பட்டதல்ல. 2005-ல் இந்தியத் தபால் துறை அதற்குத் தபால் தலையே வெளியிட்டது. பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. லியோ செம்மண் நிறம், மூக்கு கரிச்சட்டி. மருத்துவர் என் மனம் நோகாமல், "நாட்டு நாய்தான் சார், நம்ம வெயிலைத் தாங்கும்" என்று சொல்லி, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருஷா வருஷம் ஒன்று, நடுநடுவே பூச்சி மருந்து என்று எழுதிக் கொடுத்தார்.

கூடவே ஆகாத சாப்பாட்டுப் பட்டியல் ஒன்றும் சொன்னார். சாக்லேட் கூடாது, அதிலுள்ள தியோபுரோமின் நாய்க்கு விஷம். திராட்சை கூடாது, சிறுநீரகம் போய்விடும். வெங்காயம் பெரிசோ சின்னதோ, பச்சையோ வெந்ததோ, ரத்தச் சிவப்பணுவை அழிக்கும். அன்றைக்கே எங்கள் வீட்டில் லியோவுக்குத் தனி அடுப்பு. உப்பில்லாமல், காரமில்லாமல், வெங்காயமில்லாமல் குழைய வடித்த சோறு, பரங்கிக்காய், கொஞ்சம் தயிர். எனக்கு ரத்தக் கொதிப்பு, சர்க்கரை இரண்டும் உண்டு. உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சீட்டெழுதி வருஷங்கள் ஆகின்றன. அந்தச் சீட்டு காலண்டருக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது.

லியோ படுப்பது குறிஞ்சிப்பாடிக் கைலியில், அதுவும் என்னுடையதில். புதுசு கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தால் வந்து மோந்து பார்க்கும். பழசானதும் தனக்குத்தான் வரும் என்று அதற்குத் தெரியும்.

இந்தத் தைப்பூசத்துக்குப் பிறந்த நாள் கொண்டாடுவதென்று மகள் முடிவெடுத்தாள். கறி வாங்கி வரச் சொன்னாள். தைப்பூசம் வள்ளலார் நினைவு நாள் என்று தமிழ்நாடு முழுக்கக் கறிக்கடையை மூடிவிடுவார்கள். டாஸ்மாக்கும் கிடையாது, அது லியோவின் கவலையல்ல. முந்தின நாளே வாங்கி ஃப்ரிட்ஜில் வைக்கலாமே என்று மெதுவாகச் சொன்னேன். மாமியார் சன்மார்க்கி. 1867-ல் வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாத ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இப்படிப் பேசலாமா மாப்ளே என்று கண் கலங்கிவிட்டார். நாய் சைவம் சாப்பிட்டும் பிழைக்கும், பூனைக்குத்தான் முடியாது என்று மருத்துவரும் அவர் பக்கம் சாய்ந்தார்.

காலையில் கோவிலில் அர்ச்சனை. குருக்கள் பேர் கேட்டார். "லியோ, பூச நட்சத்திரம், கடக ராசி" என்றாள் மனைவி. அவர் கண்ணே இமைக்கவில்லை. இப்போது குழந்தைகளுக்கே அப்படித்தானே பேர் வைக்கிறார்கள். அடுத்து வீட்டுத் தலைவர் பேரைக் கேட்டார். "அவன்தாங்க" என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. நல்லவேளை, என் பேரைச் சொன்னாள். நட்சத்திரம்தான் அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கேக்கில் முட்டை கூடாது என்பது மாமியார் கட்டளை, சர்க்கரை கூடாது என்பது மருத்துவர் கட்டளை. கேழ்வரகு மாவு, துருவிய கேரட், தோல் நீக்கி வறுத்து அரைத்த மல்லாட்டை, இரண்டு கரண்டி தயிர். பிசைந்து இட்லித் தட்டில் ஊற்றி வேகவைத்து, இட்லிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் மெழுகுவர்த்தி. தெருப் பிள்ளைகள் கைதட்டிப் பாடினார்கள். லியோ மெழுகுவர்த்தியைப் பார்த்துக் குரைத்தது, கேக்கை ஒரு சுற்று மோந்தது, பக்கத்து வீட்டு லேப்ரடார் மிச்சம் வைத்த எலும்பு கொல்லைப் பக்கம் கிடப்பது நினைவு வந்து போய்விட்டது.

கேக்கை நான் சாப்பிட்டேன். உப்பில்லை, சர்க்கரை இல்லை, எண்ணெய் இல்லை. காலண்டருக்குப் பின்னாலிருக்கும் சீட்டில் எழுதியது எழுதியபடி எங்கள் வீட்டில் சமைத்தது அதுதான் முதல் தடவை. மாசாமாசம் பூசம் வருகிறது, மாசாமாசம் கொண்டாடினால் என்ன என்று மனைவியிடம் கேட்டிருக்கிறேன். லியோவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.